ராக்கெட்டைத் திருப்பியவர்கள்

2025 பிப்ரவரியில் எங்கள் வீட்டில் காலைப் பேச்சு ஓர் எண்ணில்தான் தொடங்கும். சிலியில் உள்ள ஒரு தொலைநோக்கி 2024 டிசம்பர் 27 அன்று கண்டுபிடித்திருந்த 2024 ஒய்ஆர்4 என்னும் சிறுகோள், 2032 டிசம்பர் 22 அன்று பூமியின் மீது மோதுவதற்கு எத்தனை சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதே அந்த எண். பதினொன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள், பல் துலக்கும் முன்பே அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். ஒன்றைத் தாண்டியது, இரண்டைத் தாண்டியது, பிப்ரவரி 18 அன்று 3.1 வரை ஏறியது. பிறகு கூடுதல் அவதானிப்புகள் சேரச் சேர, ஒரே வாரத்துக்குள் சரிந்து ஏறக்குறைய பூஜ்யமாயிற்று. எண் ஏறியபோதும் இறங்கியபோதும் அதை எவரும் மறைக்கவில்லை. கணக்கிட்டவர்கள் கணக்கிட்டபடியே உலகத்துக்குச் சொன்னார்கள். இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த வாரக் கடைசியில் மகள், பூமியின் மீது மோத வருகிற ஒரு வால்நட்சத்திரத்தைப் பற்றிய 'டோன்ட் லுக் அப்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். வகுப்பில் எல்லோரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம்.

நான் அந்தப் படத்தை 2022 ஜனவரியில், அது நெட்ஃபிளிக்ஸில் வெளியான சில நாட்களிலேயே பார்த்திருந்தேன். அதைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து ஒன்றும் இருந்தது: இது அறிவியலை நம்ப மறுக்கிறவர்களைப் பற்றிய படம். வானத்தில் வால்நட்சத்திரம் கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருக்க, 'மேலே பார்க்காதே' என்று முழங்கும் கூட்டத்தைக் காட்டுவதற்காகவே ஆடம் மெக்கே இதை எடுத்திருக்கிறார் என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். கோவிட் இரண்டாம் அலையில் உறவினர்களை இழந்து ஓராண்டுகூட ஆகியிராத நேரம் அது. தடுப்பூசியைப் பற்றி வந்துகொண்டிருந்த வதந்திகள் மனத்தில் இருந்தன. திரைக்கதையோ கோவிட் வருவதற்கு முன்பே காலநிலை மாற்றத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆனாலும் அப்போது படம் பார்த்த எவருக்கும் அது பெருந்தொற்றின் கதையாகவே தெரிந்தது. அந்தக் கதையில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் ஜெனிஃபர் லாரன்ஸின் பக்கம். அவர் நடித்த பாத்திரமான, வால்நட்சத்திரத்தை முதலில் கண்டு எச்சரித்தும் பயனில்லாமல் தொலைக்காட்சி நிலையத்தில் உடைந்துபோய்க் கத்துகிற ஆய்வு மாணவி கேட் டிபியாஸ்கியின் பக்கம்.

மகளுடன் பார்த்த இரண்டாம் முறையில், படம் பாதியைக்கூட எட்டாத ஓர் இடத்தில் அவள் நிறுத்தினாள். வால்நட்சத்திரத்தைத் திசைதிருப்ப ஏவப்பட்ட ராக்கெட்டுகள் ஒழுங்காக மேலே போய்க்கொண்டிருக்கின்றன. உலகம் முழுவதும் கைதட்டிக்கொண்டிருக்கிறது. கட்டுப்பாட்டு அறைக்குள் தொழில்நுட்பக் கோடீசுவரர் இஷர்வெல் வருகிறார். அதிபரைத் தனியே அழைத்துப் பேசுகிறார். அடுத்த சில நிமிடங்களில் ராக்கெட்டுகள் வளைந்து பூமிக்கே திரும்புகின்றன. அந்த இடம்.

"ஏம்மா, திருப்புங்கன்னு சொன்னதும் அந்த ரூம்ல இருந்த ஒருத்தர்கூட மாட்டேன்னு சொல்லலையே, ஏன்?"

"மேலிடத்து உத்தரவுடி. அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றேன்.

"அதுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படத்தை மறுபடி ஓடவிட்டாள். மீதிப் படத்தை அவள் பார்த்தாள். நான் அந்த 'அதுக்கு?'வோடு உட்கார்ந்திருந்தேன்.

எது முன்னால், எது பின்னால்

மறுநாள் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு தனியாக மறுபடியும் பார்த்தேன், இந்த முறை கையில் ஒரு தாளுடன். எந்தக் காட்சிக்குப் பின் எது வருகிறது என்று வரிசையாகக் குறித்தேன். மூன்றாண்டுகளாக நான் சொல்லிக்கொண்டிருந்த கருத்து தவறு என்பது அந்த வரிசையிலேயே தெரிந்தது. 'மேலே பார்க்காதே' என்ற முழக்கம் படத்தின் பிற்பகுதியில்தான் வருகிறது. அதற்கு வெகு முன்னரே உலகம் நம்பிவிட்டது. அதிபர் ஓர்லீன் முதலில் இடைத்தேர்தலை நினைத்துத் தள்ளிப்போடுகிறார். பிறகு தன்னைப் பற்றி எழுந்த ஒரு சர்ச்சையை மறைக்க அதே வால்நட்சத்திரத்தைக் கையில் எடுக்கிறார். நோக்கம் எவ்வளவு கீழ்த்தரமானதாக இருந்தாலும் முடிவு சரியான முடிவு. போர்க்கப்பலின் மேல்தளத்தில் நின்று நாட்டுக்கு அறிவிக்கிறார். ராக்கெட் ஏவப்படுகிறது. அந்தக் கணத்தில் மறுப்பவர்கள் என்று சொல்லத்தக்க கூட்டமே கதையில் இல்லை. அறிவியல் சொன்னதை ஆட்சி ஏற்றுக்கொண்டது, மக்கள் ஏற்றுக்கொண்டார்கள், பணம் ஒதுக்கப்பட்டது, செயலும் தொடங்கிவிட்டது.

அதன் பிறகுதான் வால்நட்சத்திரத்துக்குள் விலைமதிப்பற்ற அரிய கனிமங்கள் இருப்பது தெரியவருகிறது. ராக்கெட்டுகள் திரும்புகின்றன. அவை திரும்பிய பிறகுதான் மறுப்பு பிறக்கிறது. கேட் தன் பெற்றோர் வீட்டுக்குப் போகிறாள். அவர்கள் வாசலிலேயே அவளை நிறுத்தி, வால்நட்சத்திரம் தரப்போகும் வேலைவாய்ப்புகளுக்குத் தாங்கள் ஆதரவு என்கிறார்கள். முதல் முறை பார்த்தபோது நான் சிரித்துவிட்டுக் கடந்துபோன காட்சி அது. அந்தப் பெற்றோர் வால்நட்சத்திரம் இல்லை என்று சொல்லவில்லை. அது இருக்கிறது, வருகிறது என்பதை ஏற்றுக்கொண்டுதான் வேலைவாய்ப்பைப் பேசுகிறார்கள். அறியாமையோ மூடநம்பிக்கையோ ராக்கெட்டைத் திருப்பவில்லை. ராக்கெட்டைத் திருப்பியாக வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு, திருப்பியதை நியாயப்படுத்த ஓர் அறியாமை தேவைப்பட்டது. அதை அவர்கள் உண்டாக்கினார்கள். 'மேலே பார்க்காதே' என்று முழங்கும் கூட்டத்தில் நின்ற ஒரு சாதாரண ஆள் தற்செயலாகத் தலையை உயர்த்தி, வானத்தில் அதைக் கண்டதும் 'நம்மிடம் பொய் சொல்லிவிட்டார்கள்' என்று கத்துகிறான். அவனை நான் முன்பு முட்டாள் என்று நினைத்தேன். ஏமாற்றப்பட்டவன் அவன்.

மார்க் ரைலன்ஸ் நடித்த அந்த இஷர்வெல்லையும் நான் சரியாகக் கவனித்திருக்கவில்லை. அவர் பேராசையைப் பேசுவதில்லை. இந்தக் கனிமங்கள் கிடைத்தால் வறுமையே இருக்காது, மனிதகுலம் பொற்காலத்துக்குள் நுழையும் என்று தணிந்த, ஏறக்குறைய அருள்வாக்குச் சொல்கிற குரலில் பேசுகிறார். எதிரே இருப்பவர்களால் அதை மறுக்க முடிவதில்லை. ஏழைகளுக்குச் சோறு கிடைக்கும் என்பவரிடம் போய் வேண்டாம் என்று யார் சொல்வது? பெரிய அழிவுகளுக்கு அனுமதி கேட்டு வருகிறவர்கள் எப்போதும் நன்மையின் மொழியிலேயே வருகிறார்கள்.

1979, 1988, 1989

திரும்பிய ராக்கெட் என்பது திரைக்கதை எழுதியவரின் கற்பனைக்கு மட்டும் உரியதா என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் காலநிலை வரலாறே இப்படிப் புறப்பட்டுத் திரும்பிய ராக்கெட்டுகளின் வரிசையாகத்தான் இருக்கிறது. 1979 ஜூன் 20 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகையின் கூரையில் 32 சூரியத் தகடுகளை நிறுவித் திறந்துவைத்தார். அவை நீரைச் சூடாக்கப் பயன்பட்டன. அதே ஆண்டில் ஜூல் சார்னி என்ற வானிலையியலாளரின் தலைமையில் கூடிய அறிஞர் குழு, காற்றில் கரியமில வாயு இரு மடங்கானால் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 3 டிகிரி செல்சியஸ் உயரும், கணிப்பில் ஒன்றரை டிகிரி முன்பின் இருக்கலாம் என்று அறிக்கை தந்தது. இன்றைய கணிப்புகளும் அந்த எல்லைக்குள்தான் நிற்கின்றன. ரீகனின் ஆட்சியில், 1986இல், கூரையைப் பழுதுபார்ப்பதற்காக அந்தத் தகடுகள் கழற்றப்பட்டன. மறுபடி பொருத்தப்படவில்லை. வேலை செய்துகொண்டிருந்தவைதான் அவை.

1988 ஜூன் 23 அன்று நாசாவின் காலநிலை அறிவியலாளர் ஜேம்ஸ் ஹேன்சன், அமெரிக்கச் செனட் குழுவின் முன் நின்று, வெப்பமடைதல் இயற்கையான ஏற்ற இறக்கம் அல்ல என்பதில் தமக்கு 99 சதவீத உறுதி இருக்கிறது என்று சொன்னார். அந்தக் கோடையில் அமெரிக்கா கடும் வறட்சியில் இருந்தது; செய்தித்தாள்கள் முதல் பக்கத்தில் போட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ், பசுமைக்குடில் விளைவை வெள்ளை மாளிகை விளைவால் எதிர்கொள்வோம் என்று மிச்சிகன் மாநிலத்தில் பேசினார். படத்தில் வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கிற இருவரும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் என்பது நினைவுக்கு வந்தது. அன்று அந்த நாட்டின் இரு கட்சிகளுக்கும் இதில் பெரிய சண்டை இல்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் நெதர்லாந்தின் நோர்ட்வெய்க் நகரில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் அமைச்சர்கள் கூடி, 2000ஆம் ஆண்டுக்குள் கரியமில வாயு வெளியீட்டை ஒரு நிலையில் நிறுத்துவது பற்றிப் பேசினார்கள். அமெரிக்கா அதற்கு உடன்படவில்லை. பிரிட்டனும் ஜப்பானும் சோவியத் ஒன்றியமும் அதன் பக்கம் நின்றன. கூட்டறிக்கையிலிருந்து அளவும் கெடுவும் காணாமல் போயின. அந்த நிலைப்பாட்டுக்கு வெள்ளை மாளிகையில் முதன்மையாக நின்று வாதாடியவர் அதிபரின் தலைமை அலுவலர். படத்திலும் தலைமை அலுவலர் ஒருவர் வருகிறார், அதிபரின் மகனாக.

காலநிலையை மறுக்கும் கூச்சல் அமெரிக்காவில் பெரிதாக எழுந்தது அதற்குப் பிறகு, 1990களில்தான். முடிவு முதலில் வந்தது, அதற்கான மறுப்பு பின்னால் வந்தது. நான் தாளில் குறித்து வைத்திருந்த அதே வரிசை. பிறகும் ராக்கெட்டுகள் போய்ப் போய்த் திரும்பின. 2015இல் காலநிலைக்கான பாரிஸ் உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 2020 நவம்பரில் அமெரிக்கா வெளியேறியது. 2021 பிப்ரவரியில் மறுபடி சேர்ந்தது. 2025 ஜனவரி 20 அன்று மீண்டும் விலகுவதற்கான ஆணை கையெழுத்தாயிற்று. இவ்வளவுக்கும் நடுவே ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்ல்ஸ் கீலிங் 1958இல் தொடங்கிவைத்த அளவீடு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. படத்தின் தொடக்கத்தில் கேட் பயன்படுத்துகிற சுபாரு தொலைநோக்கி அதே தீவில், மௌனா கீ மலைமேல் இருக்கிறது. வானத்திலிருந்து வருகிற கற்பனை ஆபத்தும் காற்றில் சேர்கிற உண்மையான ஆபத்தும் ஒரே தீவின் இரண்டு உச்சிகளிலிருந்து பார்க்கப்படுகின்றன. இயக்குநர் இதை நினைத்துத்தான் அந்தத் தொலைநோக்கியைத் தேர்ந்தாரா என்பது முக்கியமில்லை. இதை அறிந்த பிறகு என்னால் அந்த முதல் காட்சியை முன்போல் பார்க்க முடியவில்லை.

எழுபது என்று வைத்துக்கொள்வோம்

அதிபரின் அறையில் நடக்கும் முதல் சந்திப்புதான் படத்தின் மிகச் சிறந்த காட்சி என்று இப்போது நினைக்கிறேன். மோதல் நடப்பது எவ்வளவு உறுதி என்று கேட்கிறார் அதிபர். துல்லியமாகச் சொன்னால் 99.78 சதவீதம் என்கிறார்கள். அப்படியானால் நூறு இல்லையே என்று அந்த அறையில் ஒரு நிம்மதி பரவுகிறது. எழுபது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம் என்று முடிக்கிறார் அதிபர். படத்தில் அறிவியல் ஆலோசகராக ஏமி மெயின்ஸர் என்ற வானியலாளர் பணியாற்றியிருக்கிறார். நாசாவின் நியோவைஸ் விண்தொலைநோக்கித் திட்டத்தை வழிநடத்தியவர் அவர். அறிவியலாளரின் துல்லியம் எப்படி அவருக்கு எதிராகவே திருப்பப்படுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள்தான் இப்படி ஒரு காட்சிக்குத் துணைநிற்க முடியும் என்று தோன்றியது.

மகளின் கேள்விக்கான விடை எனக்குத் தெரியும் என்பதை உணர்ந்தது இந்தக் காட்சியில்தான். நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்கு நான் 2019இல் செயலாளராக இருந்தேன். மொட்டைமாடியில் உள்ள மேல்நிலைத் தொட்டியின் தூண்களில் காரை பெயர்ந்து, உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பது தெரிந்ததும், ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துப் பார்க்கச் சொன்னோம். அவர் இரண்டு பக்கத்தில் அறிக்கை தந்தார். தொட்டியில் பாதிக்கு மேல் நீர் நிரப்பக் கூடாது. மூன்று மாதத்துக்குள் தூண்களைப் பலப்படுத்த வேண்டும். அதுவரை அந்தப் பக்கத்துக் கீழ்த்தளத்தில் குழந்தைகளை விளையாட விடக் கூடாது. பொதுக்குழுவுக்கான பொருள் நிரலை நான்தான் தயாரித்தேன். தொட்டியை ஏழாவதாக வைத்தேன். முதல் ஆறும் வெளிச்சுவர் வண்ணம், கேமரா, வண்டி நிறுத்தும் இடம், பொங்கல் விழா என்று போயின. இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு ஏழாவது வந்தபோது பாதி நாற்காலிகள் காலி. தூண்களுக்குத் தனி வசூல் போட்டால் எதிர்ப்பு வரும், பயமுறுத்தாமல் வாசியுங்கள் என்று பொருளாளர் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அப்படியே வாசித்தேன். 'பலப்படுத்த வேண்டும்' என்பது என் வாயில் 'பலப்படுத்துவது நல்லது' என்று ஆயிற்று. பாதி நீர், குழந்தைகள் பற்றிய வரிகளை நான் வாசிக்கவேயில்லை. அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

என்னை யாரும் மிரட்டவில்லை. எனக்கு ஒரு பைசா லாபமும் இல்லை. அந்த மாலையில் எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் கூட்டம் சச்சரவில்லாமல் முடிய வேண்டும் என்பதுதான். பொறியாளரின் அறிக்கையை நான் ஒரு கணமும் சந்தேகப்படவில்லை, முழுவதுமாக நம்பினேன். நம்பிக்கொண்டேதான் மாற்றி வாசித்தேன். தூண்கள் பதினான்கு மாதம் கழித்து வேறொரு குழுவின் காலத்தில் பலப்படுத்தப்பட்டன. அதுவரை எதுவும் விழவில்லை என்பதால், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே, அந்தப் பொறியாளர் மிகைப்படுத்திவிட்டார் என்று ஒருவர் சொன்னார். அப்போதும் நான் மறுத்துப் பேசவில்லை.

இதன் பிறகு, டிகாப்ரியோ நடித்த, கேட்டின் பேராசிரியரான டாக்டர் ராண்டால் மிண்டிதான் எனக்கு இந்தப் படத்தின் மையமாகத் தெரிந்தார். கேட் கத்திவிட்டு வெளியே தள்ளப்படுகிறாள். மிண்டி உள்ளே இருந்துவிடுகிறார். அறிவியல் ஆலோசகர் பதவி வருகிறது, தொலைக்காட்சிப் புகழ் வருகிறது, கனிமத் திட்டத்தை மக்களுக்கு விளக்கும் விளம்பரங்களில் அவர் முகம் வருகிறது. உள்ளே இருந்தால்தான் ஏதாவது செய்ய முடியும் என்று தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொள்கிறார். அந்த வாதம் முழுப் பொய்யும் அல்ல; அதனால்தான் அது ஆபத்தானது. அவருடைய பேச்சில் ஒவ்வொரு சொல்லாக வலுவிழப்பதை டிகாப்ரியோ மிக நுட்பமாகக் காட்டியிருக்கிறார்.

படம் காட்டாத முகங்கள்

இவ்வளவு சொன்ன பிறகு படத்தின் மீது எனக்குள்ள குறையையும் சொல்ல வேண்டும். வெளியான நாட்களில் விமர்சகர்கள் பலர் இதைச் சத்தமான படம், எல்லாவற்றையும் கேலிச்சித்திரமாக்கும் படம் என்றார்கள். பீட்டர் கால்மஸ் போன்ற காலநிலை அறிவியலாளர்களோ தங்கள் அன்றாடத்தை முதல்முறையாகத் திரையில் கண்டதாக உணர்ந்தார்கள். சத்தம் எனக்குக் குறையாகப் படவில்லை. 2022 ஜூலையில் பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சி நேரலையில், வரப்போகும் வெப்பத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் இறக்கக்கூடும் என்று வானிலையாளர் ஒருவர் எச்சரிக்க, வானிலையைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேசக் கூடாதா என்று தொகுப்பாளர் குறைப்பட்டுக்கொண்டார். சில நாட்களில், ஜூலை 19 அன்று, அந்நாட்டின் வரலாற்றில் முதல்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. படத்தின் தொலைக்காட்சிக் காட்சியில் மிகை எதுவும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதிபரையும் அவர் மகனையும் கோடீசுவரரையும் அத்தனை விரிவாகக் காட்டிய படம், ராக்கெட்டைத் திருப்பும் கட்டளையை நிறைவேற்றியவர்கள் யார், அவர்கள் அன்று இரவு வீட்டுக்குப் போய் என்ன நினைத்தார்கள் என்று சொல்வதே இல்லை. தீயவர்கள் இவ்வளவு வெளிப்படையாக இருக்கும்போது பார்ப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். மூன்றாண்டுகள் நான் தப்பித்துக்கொண்டிருந்தேன். வால்நட்சத்திரம் என்ற உருவகமும் ஓரிடத்தில் நம்மை ஏமாற்றுகிறது. அதற்கு ஒரு தேதி இருக்கிறது: கண்டுபிடித்த நாளிலிருந்து ஆறு மாதம், பதினான்கு நாள். விழுந்தால் எல்லோர் மீதும் விழும். காலநிலைக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அது கூரை இல்லாதவர்கள் மீதும் வெயிலில் வேலை செய்கிறவர்கள் மீதும் முதலில் விழுகிறது. கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அடுத்த கூட்டம் வரை அவகாசம் இருப்பதுபோல் தோன்றுகிறது. என் பொருள் நிரலில் ஏழாவது இடத்துக்குப் போவதற்கு மிகப் பொருத்தமான ஆபத்து அது.

மகள் கேட்டாளே, அந்த 'மாட்டேன்' என்பதைச் சொன்னவர்களின் கதையும் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட சிஎஃப்சி வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். 1985இல் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வாளர்கள் தென்துருவத்தின் மேல் ஓசோன் கடுமையாகக் குறைந்திருப்பதை வெளியிட்டார்கள். அப்போது அதிபர் அதே ரீகன். தகடுகளைக் கழற்றிய அதே அரசு. சிஎஃப்சி வாயுக்களைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கைக்கு அந்த அரசுக்குள் கடும் எதிர்ப்பு இருந்தது. ஒப்பந்தத்துக்குப் பதிலாகத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்துகொள்ளலாம் என்று அமைச்சர் ஒருவர் யோசனை சொன்னதாகச் செய்தி வெளியாகி, நாடே அதைப் பேசியது. மெக்கே எழுதியிருக்கக்கூடிய வசனம் அது. ஆனால் அந்த அறையில் ரிச்சர்ட் பெனடிக் என்ற வெளியுறவுத் துறை அதிகாரி இருந்தார். பேச்சுவார்த்தையில் அமெரிக்கக் குழுவின் தலைவர். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ தாமஸ் இருந்தார். அவர்கள் பின்வாங்கவில்லை. எதிர்த்தவர்களோடு கூட்டம் கூட்டமாக வாதாடினார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று அந்த உடன்படிக்கை, மாண்ட்ரியல் நெறிமுறை என்ற பெயரில், கையெழுத்தாயிற்று. பின்னாளில் உலக நாடுகள் அனைத்தும் அதை ஏற்றன. மாற்று வேதிப்பொருள்கள் கண்ணுக்குத் தெரிந்ததும், அதுவரை எதிர்த்துவந்த பெரிய நிறுவனங்களின் மனம் மாறியதும் இதற்கு உதவியது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ராக்கெட் போய்ச் சேர்ந்தது. அதே நாடு, அதே அதிபர், ஏறக்குறைய அதே ஆண்டுகள்.

செயல்திறன் நம்மிடம் இல்லாமல் இல்லை. இந்தப் படம் வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2021 நவம்பரில், நாசா உண்மையாகவே ஒரு விண்கலத்தை ஏவியது. டார்ட் என்ற அந்தக் கலம் 2022 செப்டம்பர் 26 அன்று சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற சிறுகோளின் மீது வேண்டுமென்றே மோதி, அது தன் தாய்க்கோளைச் சுற்றும் நேரத்தை 32 நிமிடம் குறைத்தது. 73 விநாடி குறைந்தாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். மகள் இந்த விவரத்தைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

கடைசி விருந்துக் காட்சியை மூன்றாவது முறையாக அன்றிரவு தனியாகப் பார்த்தேன். மிண்டியின் வீட்டுச் சாப்பாட்டு மேசை. மனைவி, பிள்ளைகள், கேட், அவளுடைய நண்பன், அவர்களோடு நின்ற அறிவியலாளர் டாக்டர் ஓகில்தார்ப். சுவர்கள் அதிரத் தொடங்கியிருக்கின்றன. அவர்கள் காப்பிக்கொட்டையை வீட்டிலேயே அரைப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். நம்மிடம் எல்லாமே இருந்தது, இல்லையா என்று மிண்டி சொல்கிறார். அதற்குப் பிறகு வருகிற நகைச்சுவை முடிவுகளைப் பார்க்காமல் நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை, சங்கத்தின் பழைய கோப்பிலிருந்து அந்த அறிக்கையின் நகலைத் தேடி எடுத்து மகளிடம் கொடுத்தேன். கூட்டத்தில் நான் வாசிக்காமல் விட்ட வரிகளைப் பென்சிலால் அடையாளமிட்டிருந்தேன். அவள் நின்றபடியே முழுவதையும் படித்தாள். குழந்தைகள் பற்றிய வரியில் நிறுத்தி, 2019இல் தனக்கு என்ன வயது என்று கணக்குப் போட்டாள். பதினொன்று. அந்தத் தூண்களுக்குக் கீழேதான் அவளும் அவள் தோழிகளும் தினமும் மாலையில் இறகுப்பந்து விளையாடுவார்கள். "உங்களுக்குத் தெரியுமில்ல, நான் அங்கதான் விளையாடுவேன்னு?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அறிக்கையை மடித்துத் தன் புத்தகப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.